அவளுக்காக நாங்கள் சொன்ன பதில்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால் எங்கள் பக்கத்தில் ஊரே விசாரிக்க வரும். ஆரஞ்சுப் பழம், ரொட்டி, கொஞ்சம் வசதியானவர்கள் என்றால் ஹார்லிக்ஸ் பாட்டில். வந்து உட்கார்ந்து, படுத்திருக்கிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று வீட்டுக்காரர்களைக் கேட்பார்கள். படுத்திருக்கிறவரைக் கேட்க மாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் அவள் வாயைத் திறக்கவே கூடாது. அம்மா பதில் சொல்வாள். அம்மா அடுப்படியில் இருந்தால் அண்ணி சொல்வாள்.

அந்த அண்ணி நான். தியாகதுருகத்திலிருந்து வடக்கனந்தலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமனார் இல்லை. மாமியார், என் வீட்டுக்காரர், பதினேழு வயது நாத்தனார், நான் என்று நான்கு பேர். நாத்தனாரை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் விரல்களால் தட்டிப் பழகிக்கொண்டே போவாள் என்று கூடப் போகிற பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கும் அவளுக்கும் அப்போது பெரிய ஒட்டுதல் எல்லாம் இல்லை. நாத்தனார்களைப் பற்றி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் தயாராகத்தான் வந்திருந்தேன்.

அந்த மாசி மாதம் எங்கள் நிலத்துக் கரும்பை வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தோம். பிழிகிற மெஷினுக்குக் கரும்பு கொடுக்கிற ஆள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இவள் விளையாட்டுப்போல நாலு கரும்பை எடுத்து மெஷினில் கொடுத்திருக்கிறாள். நான்காவது கரும்போடு வலதுகையும் போய்விட்டது. யாரோ ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார்கள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டி, ஐந்து விரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். சித்திரையில் வீட்டுக்கு வந்தாள். வைகாசியில் புண் ஆறியது. ஆனியில் தழும்பு காய்ந்து தோல் மூடிவிட்டது. கும்பிடாத சாமி இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மாமியார் பொங்கல் வைத்தார்.

அப்புறம்தான் வலி ஆரம்பித்தது. அல்லது முன்பே இருந்து, புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் வலியைப் பார்க்கவில்லையோ என்னவோ. ஃபேன் காற்று பட்டால் கையை இழுத்துக்கொள்வாள். என் முந்தானை உரசினால் பல்லைக் கடிப்பாள். வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டும் ஆகாது. அந்த ஒரு கை மட்டும் வேர்க்கும். சில நாள் சிவந்து போகும், சில நாள் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி நிறம் மாறிக் கிடக்கும். தோல் மினுமினுவென்று ஆகிவிட்டது. விரல்கள் பாதி மடிந்தபடி நின்றன. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு துண்டில் கையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருப்பாள்.

விசாரிக்க வந்தவர்களுக்கு நாங்கள் பதில் சொன்னோம். "சுத்தமா ஆறிட்ச்சிங்க. முன்ன மாதிரியே ஆயிட்ச்சி" என்பார் மாமியார். "ஆமாங்க, இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்பேன் நான். வந்தவர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் கல்யாண வயதில் பையன்களோ, பையன் வைத்திருக்கிற சொந்தக்காரர்களோ இருந்தார்கள். கை ஊனமான பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதைத் துடைக்க முடியாது. இதை மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனக்கே தெரியும்.

நாங்கள் அவளைத் தாங்கினோம். அதைச் சொல்லியாக வேண்டும். பழைய மெல்லிசு வேட்டியைக் கிழித்து, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிவிட்டார் மாமியார். "ஆட்டாதடி, ஆட்டாம வச்சிக்கினு இரு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் சோறு பிசைந்து ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன், ஒரு தம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. அக்கம்பக்கத்தில் என்னைப்போல் அண்ணி கிடைக்க மாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன்.

ஆடியில் பாண்டிச்சேரிக்குக் காட்டப் போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று பாப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். "நல்லாயிட்ச்சிங்க சார். கொஞ்சம் வெறச்சிக்கினு இருக்குது, அவ்ளோதான்" என்று மாமியார் சொன்னார். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவரிடம், நீங்கள் செய்த வைத்தியத்துக்கு அப்புறமும் வலிக்கிறது என்று சொல்வது மரியாதையாகுமா? தவிர, எங்களுக்குப் பின்னால் வரிசையில் பக்கத்து ஊர்க் கச்சிராயபாளையத்துக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அசைத்துப் பழகச் சொல்லி, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அசைக்கச் சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதுவரை சொன்னதில் எனக்குப் பங்குதான் உண்டு. இனிச் சொல்லப் போவது முழுக்க என்னுடையது.

ஆவணியில் சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் பேச்சு வந்தது. அது வந்த அன்றே பாப்பாவுக்கு வலி அதிகமாகி, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்குப் பொறி தட்டியது. ஓகோ, கதை இதுதானா என்று நினைத்தேன். கட்டிக்கொள்ள இஷ்டமில்லை, டைப்ரைட்டிங் கிளாஸில் எவனாவது இருக்கிறானோ என்னவோ, கையைக் காட்டி நாடகம் ஆடுகிறாள். நான் இங்கே இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்குக் கொதித்தது. அடுத்த நாள் மதியம் அவள் அயர்ந்து தூங்கும்போது துண்டு விலகிக் கிடந்தது. வாசலில் கிடந்த ஒரு கோழி இறகை எடுத்து வந்தேன். தூக்கத்தில் யாரும் நடிக்க முடியாது அல்லவா? அவள் புறங்கையில் அதை மெல்ல ஒரு இழு இழுத்தேன்.

அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எழுந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி நடுங்கினாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இறகை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஈ உக்காந்துச்சி பாப்பா, ஓட்டினேன்" என்றேன். அவள் நம்பினாளா இல்லையா, தெரியாது. பின்னாளில்கூட நான் அதை அவளிடம் சொல்லவில்லை. இதை அவள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் போய்விட்டது, பயம் வந்துவிட்டது. புண் இல்லாத இடத்தில் எப்படி வலிக்கும்? மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். நான் புரட்டாசியில் வரப்போகிற பாண்டிச்சேரி நாளுக்காகக் காத்திருந்தேன். இந்த முறை டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

நாங்கள் போக வேண்டிய அந்த வாரம்தான் எங்கள் ஜனங்களுக்கு இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டோரப் புளிய மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் குறுக்கே கிடந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்கூட நகரவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் ரோட்டில்தான் இருந்தார்கள், என் வீட்டுக்காரரும் போயிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன். ஆனால் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி வந்து போனபோது, மரத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு வாரம் கழித்து மரங்களை அகற்றினார்கள். மறியலில் இருந்தவர்களைத் தேடி போலீஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியதும், இளவட்டங்கள் எல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள்ளும் மலைமேலும் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைக்காரர் வீட்டில் போய்த் தங்கினார். மரவள்ளிக் கிழங்கு விற்க எங்கள் ஊருக்கு வருகிற மனிதர், பழக்கமானவர்.

இரண்டு வாரத்தில் பேச்சு அடங்கி, என் வீட்டுக்காரர் தாடியோடு திரும்பி வந்தார். குளித்துச் சாப்பிட்டதும் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார்.

"அந்த மலைக்காரரு பொண்ணு ஒண்ணு, நம்ம பாப்பா வயசு. கை வெரலெல்லாம் மடங்கிக்கினு இருக்குது. அத ஒரு எடத்துக்கு இட்டுக்கினு போறாங்க. ஒருத்தரு ஒக்காந்து ஒவ்வொரு வெரலா நீவி, பயிற்சி குடுத்து நிமித்தறாரு. நானே கண்ணால பாத்தேன்" என்றார்.

"அப்ப பாப்பாவையும் இட்டுக்கினு போலாமே. இன்னாத்துக்குக் குசுகுசுன்னு சொல்றீங்க?"

"அது பெருவியாதிக்காரங்களுக்கு வைத்தியம் பண்ற எடம்."

தொழுநோயைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த இடத்தின் வாசலில் ஒரு கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் போதும். கரும்பு மெஷின், பாண்டிச்சேரி, எதைச் சொன்னாலும் எடுபடாது. அவளுக்கு மட்டுமல்ல, எனக்குப் பிறக்கப்போகிற பெண்ணுக்கும் வரன் வராது. எனக்கு அந்த இறகு ஞாபகத்துக்கு வந்தது. மலைக்கோயிலுக்கு வேண்டுதல் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு நான் அழைத்துப் போகிறேன் என்றேன்.

மலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் பஸ். வளைவுக்கு வளைவு பாப்பா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் ஓடு போட்ட நீளமான கட்டடம், முன்னால் ஒரு பலாமரம். வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் தண்ணீர்த் தொட்டியில் கையையும் காலையும் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் நின்றேன். பயிற்சி கொடுக்கிறவருக்கு ஐம்பது வயதிருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டு, துண்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார். தொடவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?"

"மாசி மாசம் கரும்பு மெஷின்ல உட்டுட்டா சார். பாண்டிச்சேரில ஆப்ரேஷன். இப்ப கொஞ்சம்…"

"உங்களக் கேக்கலீங்க. கையி அந்தப் பொண்ணுதா, உங்களுதா?" என்றார். பாப்பாவின் பக்கம் திரும்பினார். "எங்கம்மா வலிக்குது? எப்பிடி வலிக்குது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரும் அதைப் பார்த்துவிட்டார். "நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க" என்றார்.

பலாமரத்தடியில் உட்கார்ந்து அந்த ஆளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அண்ணி என்று கூட வந்தவளை இப்படியா வெளியே அனுப்புவது? உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அவள் குரல்தான். நிறுத்தாமல் இவ்வளவு நேரம் அவள் பேசி எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

என்னை மறுபடி கூப்பிட்டபோது அவள் கண் வீங்கியிருந்தது. அவர் எனக்காக இன்னொரு முறை சொன்னார்.

"காயம் ஆறிப்போச்சி. எலும்பு சேந்துட்ச்சி. டாக்டருங்க வேல சுத்தமா பண்ணியிருக்காங்க. ஆனா நரம்புக்கு அது தெரியல. திருடன் வந்தான்னு நாயி கொலைக்குது. திருடன் போயி ரொம்ப நேரமாச்சி, நாயி இன்னும் கொலச்சிக்கினே இருக்குது. திருடன் இல்லதான். அதுக்காக நாயி கொலைக்கிறது பொய்யா?"

நான் துண்டை எடுத்து மறுபடி அவள் கையைச் சுற்றப் போனேன்.

"கட்டப் பிரிச்சிப் போடுங்க. இப்பிடியே கட்டி வச்சிக்கினு இருந்தீங்கன்னா தை மாசத்துக்குள்ள வெரலு இப்பிடியே நின்னுடும். அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். முதலில் பஞ்சால் தொட வேண்டும். பிறகு பழம்புடவை, பிறகு துண்டு, பிறகு சாக்கு. ஒரு சட்டியில் சாமையைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளைய வேண்டும். பிரஷ்ஷை அந்தக் கையால் பிடித்து, முட்டி போட்டு, கைமேல் பாரம் கொடுத்துத் தரையைத் தேய்க்க வேண்டும். பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் போட்டுத் தூக்கி நடக்க வேண்டும். பாண்டிச்சேரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, அதையும் காட்டச் சொன்னார்.

"வலிச்சா நிறுத்திடலாங்களா?" என்று கேட்டேன்.

"வலிக்கும். கொஞ்சம் வலிச்சாலும் செய்யணும், தாங்காத அளவுக்குப் போகக் கூடாது. எவ்ளோ தாங்கும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

"எப்ப சரியாவும் சார்?"

"கை வெளங்கும். வலி கம்மியாவும். சுத்தமா போயிடுமான்னா எனக்குத் தெரியாதும்மா."

இவ்வளவு தூரம் பொய் சொல்லிவிட்டு வந்தவளிடம் கொஞ்சம் பொய் சொன்னால்தான் என்ன என்று எனக்கு அழுகை வந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. என் வீட்டுக்காரர் சொன்ன அந்த மலைப்பெண்ணும் அன்று வந்திருந்தாள். அவள் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் பெரிய தீப்புண் ஒன்று. கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்கியிருக்கிறாள். பெருவியாதியில் மரத்துப்போன கை, சுட்டதே தெரியவில்லை. தோல் கருகின வாசனை வந்துதான் பார்த்தாளாம். "வலி எப்பிடி இருக்கும்? எனக்கு மறந்துபோச்சி" என்று பாப்பாவிடம் கேட்டாள். பாப்பா சொன்னாள். மிளகாய் அரைத்த கையை அடுப்புக்கிட்டக் காட்டுகிற மாதிரி, உள்ளே இருந்து யாரோ முறுக்குகிற மாதிரி என்று விரல் விரலாகச் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏழெட்டு மாதம் சோறு ஊட்டினவள் நான், என்னிடம் அவள் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சியை ஆரம்பித்தோம். மாமியார் கழனிக்குப் போகிற நேரம்தான் எங்கள் நேரம். பஞ்சுக்கே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழம்புடவைக்கு வரப் பதினைந்து நாள் ஆனது. சாமைச் சட்டிக்குள் கையை விட்ட முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டாள். போதும் பாப்பா என்று நான் சட்டியை எடுக்கப் போனேன். "இல்ல அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்றாள். வேறொரு நாள் நான் இன்னும் கொஞ்சம் என்றபோது, "இன்னிக்கி முடியாது" என்றாள். அந்த வீட்டில் ஒரு பெண் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

ஒருநாள் மாமியார் நடுவேலையில் திரும்பி வந்துவிட்டார். கூடவே பக்கத்து வீட்டுக்காரி. கூடத்தில் பாப்பா முட்டி போட்டு, அந்தக் கையால் பிரஷ்ஷைப் பிடித்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மூக்கு நுனியில் வேர்வை சொட்டுகிறது. நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

"அடிப்பாவி! கை ஒடிஞ்ச பொண்ண வூடு கழுவ வச்சிக்கினு, நீ நின்னு வேடிக்கை பாக்குறியா?" என்று கத்திக்கொண்டே வந்து பிரஷ்ஷைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பாப்பா எழுந்து, அம்மா கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, மறுபடி முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் உண்மையைச் சொன்னேன். பெருவியாதி ஆஸ்பத்திரி என்றதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை, நான் வைத்த குழம்பைத் தொடவில்லை. கொடுமைக்கார அண்ணி என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. நல்ல அண்ணியாக இருந்தபோது நான் செய்த கெடுதலை யாரும் பேசவில்லை, உருப்படியாக ஒன்று செய்தபோது ஊரே பேசியது. ஆனால் மாமியார் தடுக்கவும் இல்லை. அந்த நேரத்துக்கு வேண்டுமென்றே கழனிக்குப் போய்விடுவார்.

கார்த்திகையில் பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டரிடம் கடிதத்தைக் கொடுத்து, பாப்பாவே பேசினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "போன தடவையே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மலையில் சொன்ன பயிற்சியையே விடாமல் செய்யச் சொன்னார்.

வலி போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகவில்லை. விரல்கள் முக்கால்வாசி நிமிர்ந்தன, கை விளங்கியது. பிற்பாடு அவள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்து ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகவும் இருந்தாள். இப்போதும் மார்கழிக் குளிரில் அவளுக்கு அந்தக் கை எரிகிறது. எரிகிறது என்று சொல்கிறாள்.

தையில் அந்தச் சங்கராபுரத்து வரன் மறுபடி வந்தது. பையனுடைய அம்மாவும் அக்காவும் நேரில் வந்தார்கள். நல்ல இடம், கிணற்றுப் பாசன நிலம், பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. மாமியார் காலையிலிருந்து கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தார். பாப்பா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டு கொஞ்சம் ஆடியது, சிந்தவில்லை. பையனுடைய அம்மா புடவை முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கையில ஏதோ அடின்னு சொன்னாங்க. இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று மாமியாரைக் கேட்டார்.

மாமியார் சிரித்த முகத்தோடு வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

"அவளையே கேளுங்களேன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் பார்த்த பார்வையை எழுத முடியாது. பையனுடைய அம்மாவுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பாப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இந்த முறை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வலிக்குதுங்க" என்றாள். "தெனமும் வலிக்குது. குளிரு பட்டா ஜாஸ்தி. வேலையெல்லாம் செய்வேன், தண்ணி தூக்குவேன். செல நாளு முடியாது. அன்னிக்கி முடியாதுன்னு சொல்லுவேன்."

காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள், மரியாதையான மனிதர்கள். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வாசல்வரை போய் வழியனுப்பிய எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாமியார் திரும்பி வந்து கூடத்தில் சப்பென்று உட்கார்ந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ வலிக்குதாடி?" என்று கேட்டார்.

மெஷினில் கை போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வீட்டில் அவளிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் கேட்டதில்லை. பயிற்சி செய்தாயா, எத்தனை நிமிஷம், சாக்குக்கு வந்தாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. பாப்பா தம்ளர்களை வைத்துவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல எழுந்தவொடனே ரொம்ப ஜாஸ்தி அத்தை, அப்புறம்…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்று மாமியார் என்னை அதட்டினார். "அவ சொல்லட்டும்."